முன்களம் சொதப்பினா யாரைத் திட்டுவீங்க? ரஹீம் சாஹிப் கதை இது!

ராத்திரி மேட்ச் தோத்துட்டா, மறுநாள் காலையில கும்பகோணத்துல எந்த டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்தாலும் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் ரெடியா இருக்கும். மகாமகக் குளத்தைச் சுத்தி நாலு கடை, நாலு தீர்ப்பு. ஸ்ட்ரைக்கரைத் தூக்கணும்னு ஒரு பெஞ்ச் சொல்லும். கோச்சை மாத்தணும்னு இன்னொரு பெஞ்ச். ரெஃப்ரியை வாங்கிட்டாங்கன்னு சொல்றவரு எல்லாக் கடையிலயும் ஒருத்தர் இருப்பாரு. அவங்களோட சேர்ந்து நீங்களும் கத்தியிருப்பீங்க.

ஆனா ஒரு கேள்வி அந்த பெஞ்சுல அநேகமா வராது. பந்து ஏன் முன்களத்துக்குப் போய்ச் சேரவே இல்ல? கோல் அடிக்காத ஆளுக்குக் கடைசியா எப்போ நல்ல பாஸ் கிடைச்சுது?

இந்த ஒரு கேள்வியோடயே வாழ்ந்து செத்துப்போன மனுஷர் ஒருத்தர் இருக்கார். சையத் அப்துல் ரஹீம். 2024-ல அஜய் தேவ்கன் நடிச்சு, நம்ம ஏ.ஆர்.ரஹ்மான் இசையில வந்த 'மைதான்' படம் இவரைப் பத்தினதுதான். படம் பார்த்தவங்களுக்கு இவர் ஜெயிச்ச கதை தெரியும். நான் சொல்லப்போறது இவர் தோத்த கதை. என்னைக் கேட்டா அதுதான் சுவாரஸ்யம்.

ரஹீம் 1909 ஆகஸ்ட் 17-ம் தேதி ஹைதராபாத்தில் பிறந்தவர். நிஜாம் ஆட்சிக்காலம். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பி.ஏ. முடித்துவிட்டுப் பள்ளிக்கூட வாத்தியார் ஆனார். அப்புறம் உடற்கல்வியில் டிப்ளோமா. உள்ளூர் கிளப்பில் நன்றாக ஆடியவர்தான், ஆனால் ஊரே கொண்டாடும் நட்சத்திரம் எல்லாம் இல்லை. 1943-ல் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் ஆனார். 1950-ல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணிக்குப் பயிற்சியாளர். சாகும்வரை அந்தப் பொறுப்பை விடவில்லை.

அந்த போலீஸ் அணி என்ன பண்ணுச்சு தெரியுமா? பம்பாயில அப்போ நடந்த ரோவர்ஸ் கோப்பையை 1950-ல இருந்து 1954 வரைக்கும் தொடர்ந்து 5 தடவை தூக்கிட்டு வந்துச்சு. கல்கத்தாவின் பெரிய கிளப்கள்தான் இந்தியக் கால்பந்து என்று நாடே நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

வாத்தியார் புத்தி எங்கே தெரியும்னா, அவர் நடத்தின விநோதமான டோர்னமென்ட்கள்ல. ஒண்ணுல டிரிபிளிங் பண்ணவே கூடாது. பந்து வந்தா உடனே பாஸ் கொடுத்துடணும். இன்னொண்ணு, பழக்கமில்லாத காலால மட்டும் ஆடணும். வலதுகால்காரன் இடதுகாலால் உதைக்கணும். வேடிக்கை பார்க்கிறவங்களுக்குச் சிரிப்பா இருந்திருக்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க: தனியா நாலு பேரை ஏமாத்திட்டுப் போய் கைத்தட்டல் வாங்கலாம்ங்கிற ஆசையை ஒரு பையன்கிட்ட இருந்து எப்படிப் பிடுங்குவீங்க? அறிவுரை சொன்னா எடுபடாது. விதியை மாத்திட்டா, அவனுக்கு வேற வழியே கிடையாது.

1951-ல் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி. ரஹீம் பயிற்சியில் இந்தியா இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என வென்று தங்கம் வாங்கியது. சாஹு மேவாலால் அடித்த கோல். எல்லாம் நல்லபடியாப் போய்க்கிட்டிருந்துச்சு.

அடுத்த வருஷம்தான் ஹெல்சிங்கி.

1952 ஜூலை 15. ஒலிம்பிக்கில் எதிரில் யூகோஸ்லாவியா. நம்ம ஆட்கள்ல பெரும்பாலானவங்க வெறுங்கால்ல இறங்கினாங்க. அப்போ அது பெருமையாவே பார்க்கப்பட்ட விஷயம். 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் அப்படித்தான் ஆடி, பிரான்ஸிடம் 1-2 என்று நூலிழையில்தான் தோத்தாங்க. ரெண்டு பெனால்டியை வீணடிச்சது வேற. அந்த மேட்ச்ல இந்தியாவோட ஒரே கோலை அடிச்சவர் பேரு சாரங்கபாணி ராமன். பேரைக் கேட்டதும் உங்களுக்கு நம்ம ஊர் கோபுரம் ஞாபகம் வரும். ஆனா அவர் மைசூர் அணிக்காக ஆடிய பெங்களூர்க்காரர்.

டெல்டாக்காரங்களுக்கு வெறுங்கால் பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மாசி மாசம் அறுவடை முடிஞ்சு காய்ஞ்ச வயல்ல வெறுங்கால்ல ஆடறது ஒரு சுகம். அதே வயல்ல ஐப்பசி மழையில இறங்கி ஓடிப் பாருங்க. காலை ஊன்றித் திரும்ப முடியாது. ஹெல்சிங்கியில அந்த ஈரத்தோட குளிரும் சேர்ந்துக்கிச்சு. பாதி நேரத்துல 0-5. முடிவில் 1-10. அந்த ஒரு கோல் அகமது கான், ஆட்டம் முடியற நேரத்துல அடிச்சது.

பத்து கோல்! ஊர் திரும்பினால் என்ன பேச்சு இருந்திருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கலாம். எல்லா விரலும் காலையே காட்டின. பூட்ஸ் இல்லாததுதான் காரணம் என்று தீர்ப்பு எழுதப்பட்டது. கால்பந்து சம்மேளனமும் அதற்குப் பிறகு பூட்ஸைக் கட்டாயமாக்கியது.

பூட்ஸ் காரணம்தான், மறுக்கல. ஆனா அது பாதிக் காரணம். இந்தியாவில் அப்போது ஒரு மேட்ச் 70 நிமிஷம்தான். வெளிநாட்டில் 90. மீதி 20 நிமிஷத்துக்கு மூச்சு எங்கிருந்து வரும்? எதிரணியும் லேசுப்பட்டதில்லை. அதே யூகோஸ்லாவியா அடுத்த சுற்றில் சோவியத் யூனியனுடன் 5-5 என டிரா செய்து, மறு ஆட்டத்தில் ஜெயித்து, இறுதி ஆட்டம் வரை போனது. அங்கே அதைத் தோற்கடித்தது ஹங்கேரி.

ரஹீமின் கண் போய் நின்ற இடம் அந்த ஹங்கேரி. முன்களத்தை வேற மாதிரி அடுக்கிய அணி அது.

இங்க கொஞ்சம் பொறுமையா வாங்க, மேட்டர் எளிசுதான். அந்தக் காலத்தில் முன்களத்தில் 5 பேர் நிற்பார்கள். நடுவில் நிற்பவர் சென்டர் ஃபார்வர்டு. அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பது எதிரணியின் நடு டிஃபெண்டர் வேலை. ஒருத்தருக்கு ஒருத்தர். இப்போ நீங்கதான் அந்த டிஃபெண்டர்னு வெச்சுக்கங்க. நீங்க காவல் காக்க வேண்டிய ஆள் திடீர்னு பின்னாடி நடந்து மைதானத்து நடுவுக்குப் போயிடறான். பின்னாலேயே போனீங்கன்னா நீங்க விட்டுட்டு வந்த இடம் காலி. அதுல வேற ஒருத்தன் புகுந்துடுவான். போகலைன்னா, அவன் தொந்தரவே இல்லாம நின்னு பந்து வாங்கி எல்லாருக்கும் பிரிச்சுக் கொடுப்பான். எது செஞ்சாலும் மாட்டிக்குவீங்க.

1953 நவம்பரில் இதே வித்தையால்தான் ஹங்கேரி, இங்கிலாந்தை வெம்ப்ளியில் 6-3 என்று நொறுக்கியது. பின்னால் இறங்கி ஆடிய ஹிடெக்குட்டி மட்டும் 3 கோல். உலகமே வாயைப் பிளந்தது. ஹைதராபாத் வாத்தியார் ஒருத்தர் அதே பாடத்தை போலீஸ்காரர்களை வைத்துப் பழக்கிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. பிறகு 4-2-4 என்ற அடுக்கின் பக்கமும் அவர் நகர ஆரம்பித்தார். 1958 உலகக் கோப்பையில் பிரேசில் அதை உலகப் புகழ் ஆக்குவதற்கு முன்பே.

பலன் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தெரிஞ்சுது. முதல் சுற்றில் ஹங்கேரி வராததால் நேரடியாக அடுத்த சுற்று. அங்கே ஆஸ்திரேலியாவை 4-2 என வென்றோம். நெவில் டிசோசா ஹாட்ரிக். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு இந்தியா. எதிரில் யார்? மறுபடியும் அதே யூகோஸ்லாவியா.

இந்தத் தடவை பாதி நேரத்தில் 0-0. 52-வது நிமிஷத்தில் டிசோசா கோல் அடித்து இந்தியா முன்னிலை! நாலு வருஷத்துக்கு முன்னாடி பத்து கோல் வாங்கின அதே அணிகிட்ட. அடுத்த 5 நிமிஷத்துக்குள்ள ரெண்டு கோல் வாங்கினோம். கடைசியில் 1-4. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3. நாலாவது இடம்.

1-10-க்கும் 1-4-க்கும் நடுவுல இருக்கிற தூரம்தான் ரஹீமோட நாலு வருஷ உழைப்பு. ஸ்கோர்கார்டைப் பார்த்தா ரெண்டுமே தோல்விதான்.

1960 ரோம் ஒலிம்பிக்கிலும் இதே கதை. ஹங்கேரியிடம் 1-2, பிரான்ஸுடன் 1-1, பெருவிடம் 1-3. முதல் சுற்றோடு வெளியே. ஆனா அங்கே ஒரு முன்களம் உருவாகியிருந்தது: பி.கே.பானர்ஜி, சுனி கோஸ்வாமி, துளசிதாஸ் பலராம். இந்த பலராம் செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பையன். பயிற்சிக்கு வந்துபோகக் காசில்லாத நிலையில், வாடகை சைக்கிளுக்கு ரஹீமே பணம் கொடுத்து வரவழைத்த பையன்.

இனி 1962, ஜகார்த்தா. ஆசிய விளையாட்டுப் போட்டி.

முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2. அவ்வளவு பேர் வாங்கின முன்களம் ஒரு கோல்கூட அடிக்கல. அடுத்து தாய்லாந்தை 4-1 என வென்றாலும், தடுப்பரணாக நின்ற ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடி. தையல் போட்டிருந்தது. ஜப்பானை 2-0 என வென்று அரையிறுதி.

நீங்க கோச்சா இருந்தா என்ன பண்ணுவீங்க? உங்க பெஸ்ட் டிஃபெண்டர் தலையில கட்டோட நிக்கிறார். உட்கார வைப்பீங்க. ரஹீம் அவரைத் தூக்கிக்கொண்டு போய் சென்டர் ஃபார்வர்டா நிறுத்தினார்! இளவயதில் முன்களத்தில் ஆடிய அனுபவம் ஜர்னைலுக்கு இருந்தது. ஆள் பாறை மாதிரி. அவர் விட்டுப்போன இடத்துக்கு அருண் கோஷ். பானர்ஜி, கோஸ்வாமி, பலராம் மூணு பேருமே பந்தை அழகா ஆடறவங்க, ஆனா எதிரணி டிஃபென்ஸை முட்டி உடைக்க ஒரு முரட்டு உடம்பு நடுவுல இல்ல. 0-2-ல ரஹீம் படிச்சது அதைத்தான்னு நான் நினைக்கிறேன். அந்த மூவரில் யாரையும் அவர் பலி கொடுக்கல. அவங்களுக்கு நடுவுல ஒரு இடத்தைத் திறந்துவிட்டார். அரையிறுதியில் தெற்கு வியட்நாமை 3-2 என வென்றோம். ஜர்னைலும் கோல் அடித்தார்.

செப்டம்பர் 4, இறுதி ஆட்டம். மறுபடியும் தென்கொரியா. ஆட்டத்தைவிட அரங்கம் பயங்கரமா இருந்துச்சு. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்க்காததால், ஆசிய விளையாட்டு என்ற பெயரையே எடுத்துவிட வேண்டும் என்று ஜி.டி.சோந்தி என்ற இந்திய நிர்வாகி வாதாடியிருந்தார். கோபத்தில் கூட்டம் இந்தியத் தூதரகத்தையே தாக்கியது. இறுதி ஆட்டத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர், இந்தியாவுக்கு எதிராக ஒரே கூச்சல். நமக்குக் கைத்தட்டினது பாகிஸ்தான் ஹாக்கி அணிக்காரங்கன்னு ஆடினவங்க பின்னாடி சொல்லியிருக்காங்க. ஹாக்கி இறுதி ஆட்டத்தில் நம்மைத் தோற்கடித்த அதே அணி!

ரஹீம் இன்னொரு மாற்றமும் செய்தார். காய்ச்சலில் இருந்து எழுந்த பீட்டர் தங்கராஜை மறுபடியும் கோல்கீப்பராக நிறுத்தினார். மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஆடிய, நெட்டையான தங்கராஜ். ஆரம்பத்தில் அவரும் சென்டர் ஃபார்வர்டுதான்!

17-வது நிமிஷம் பானர்ஜி கோல். 20-வது நிமிஷம், தலையில் தையலோட ஜர்னைல் கோல். கடைசி நேரத்தில் கொரியா ஒன்றைத் திருப்பியது. 2-1. தங்கம்.

அந்த அரங்கத்தில் நின்ற ரஹீமின் நுரையீரலைப் புற்றுநோய் தின்றுகொண்டிருந்தது. ஒன்பதே மாதம். 1963 ஜூன் 11-ம் தேதி இறந்துபோனார். வயது 53.

இங்கதான் எனக்கு ஆற்றாமை. அவர் மண்டைக்குள்ள இருந்ததை யாரும் முறையா எடுத்து அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கல. 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம், 1970 ஆசிய விளையாட்டில் வெண்கலம். அந்த ஓட்டம் அத்தோட நின்னுச்சு. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் ஆண்கள் அணி அதற்குப் பிறகு தங்கம் வாங்கவே இல்லை. ரோமுக்குப் பிறகு ஒலிம்பிக் பக்கமும் போகவில்லை. ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு கோச்சையோ ஒரு ஸ்ட்ரைக்கரையோ மாத்திக்கிட்டே இருந்தோம்.

சரி, உங்களுக்கு ஒரு வேலை. இந்த மாசியில அறுவடை முடிஞ்ச வயல் கிடைச்சா, ரஹீம் சாஹிப் டோர்னமென்ட் ஒண்ணு வெச்சுப் பாருங்க. பழக்கமில்லாத கால் மட்டும், டிரிபிளிங் கிடையாது. முதல் நாள் கோலே விழாது, எல்லாரும் உங்களைத் திட்டுவாங்க. ரெண்டு வாரம் விடாம ஆடுங்க. பந்து வர்றதுக்கு முன்னாடியே யாருக்குக் கொடுக்கலாம்னு தலையைத் தூக்கிப் பார்க்கிற பையன் ஒருத்தன் கிடைப்பான். அவனை நடுவுல நிறுத்துங்க.