ஆக்டன் ஊர்க் கொல்லன் மகன்

சென்ற தீபாவளிக்கு நான் ஊருக்குப் போகவில்லை. விடுதியில் தன்னந்தனியாகக் கிடந்த அந்த நாட்களில், அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் குடியேறிவிட்ட என் பெரியப்பா மகன் ஒரு விசித்திரமான சந்தேகம் கேட்டு எழுதியிருந்தார். அங்கே இலக்கு நோக்கிச் சுடுவது, நம் ஊரில் மாலையில் பூப்பந்து ஆடுவதைப்போல ஒரு பொழுதுபோக்கு. அண்ணாவுக்கும் அந்தப் பித்துப் பிடித்துவிட்டது. 1911ஆம் ஆண்டு மாதிரி என்று பேர்பெற்ற .45 பிஸ்டல் ஒன்று வாங்கவேண்டுமாம், அசல் கோல்ட் கம்பெனிச் சரக்கு விலை எட்டவில்லையாம், பிலிப்பைன்ஸிலிருந்தும் துருக்கியிலிருந்தும் அதே பிஸ்டல் மலிவாக வந்து இறங்குகிறதாம், எதை வாங்கலாம்? பௌதிகம் படிக்கிறவனுக்கு உருக்கின் தரம் தெரியாமலா போகும் என்பது அவர் நம்பிக்கை.

சுருள் கேப் வைத்து வெடிக்கும் தீபாவளித் துப்பாக்கிக்கு மேல் நான் எதையும் தொட்டதில்லை. ஆனாலும் கேட்டவர் அண்ணா. தெரியாது என்று எழுத மனம் வரவில்லை. நூலகத்துக்குப் போனேன். பிஸ்டலைத் தேடிப் போனவன், அதைச் செய்த மனிதரின் கதையில் சிக்கிக்கொண்டேன். அந்தக் கதையைத்தான் நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஜான் மோஸஸ் பிரௌனிங் 1855 ஜனவரி 23ஆம் தேதி யூட்டா பிரதேசத்தில் ஆக்டன் என்னும் ஊரில் பிறந்தார். தகப்பனார் ஜோனதன் துப்பாக்கிக் கொல்லர். மார்மன் சமயத்தைத் தழுவியவர். அச்சமயத்தார் கிழக்கே வாழவொட்டாமல் விரட்டப்பட்டபோது, மற்றவர்களைப்போல் அவரும் மேற்கே புறப்பட்டு 1852இல் யூட்டா வந்து சேர்ந்தார். அவருக்கு மூன்று மனைவியர், 22 குழந்தைகள். அந்தப் பெருங்கூட்டத்தில் ஒருவராக வளர்ந்த ஜானுக்குப் பள்ளிப்படிப்பு பதினைந்து வயதோடு சரி. பட்டறைக் குப்பைமேடுதான் அவருடைய ஆய்வுக்கூடம். பத்து வயதில் உடைந்த குழல் ஒன்றைப் பொறுக்கி, ஒரு பலகைத் துண்டில் கம்பியால் கட்டி, தம்பி மாத்தியூவைத் துணைக்கு வைத்துக்கொண்டு காட்டுக்கோழி சுட்டு வந்தார். தகப்பனார் கோழியை உண்டார். துப்பாக்கியைப் பார்த்து முகம் சுளித்தார். தம்மைக் கேளாமல் செய்தான் என்பதற்காக அல்ல. பத்து வயதுப் பையன் இதைவிடச் சுத்தமாக வேலை செய்திருக்க வேண்டாமா என்பதற்காக!

1879ஆம் ஆண்டு அவருக்குத் திருமணம் நடந்தது. தகப்பனாரும் அவ்வாண்டே காலமானார். முதல் காப்புரிமை கிடைத்ததும் அதே ஆண்டில்தான். ஒரு தடவைக்கு ஒரு தோட்டா போட்டுச் சுடும் ரைபிளுக்கு. சகோதரர்கள் சேர்ந்து ஆக்டனில் அதைச் செய்து விற்றார்கள். அப்படி விற்ற ஒன்று எப்படியோ வின்செஸ்டர் கம்பெனியின் கண்ணில் பட்டது. 1883இல் அக்கம்பெனியின் பென்னெட் என்பவர் ரயிலேறி ஆக்டனுக்கே வந்து, 8,000 டாலர் கொடுத்து உரிமையை வாங்கிப் போனார். அதிலிருந்து 19 ஆண்டுகள் பிரௌனிங் வரைந்ததில் பெரும்பகுதி வின்செஸ்டருக்கே. வரைந்தது என்று சொல்வது கூடத் தவறு. அவர் படம் போட்டுக் கணக்கிட்டு வேலை செய்தவர் அல்லர். மனத்திலே ஓடும் யந்திரத்தை நேரே உலோகத்தில் அராவி எடுப்பார். கம்பெனியோ அவரிடம் வாங்கிய பலவற்றைச் செய்யாமலே பூட்டி வைத்தது. போட்டிக்காரன் கைக்குப் போகக்கூடாது அல்லவா!

பௌதிக மாணவன் என்ற முறையில் என்னைக் கவர்ந்தது 1889இல் நடந்த ஒரு சிறு சம்பவம். ஆக்டனில் ஒரு துப்பாக்கிப் பந்தயம். ஒருவர் சுடும்போது, குழல் முனைக்கு முன்னால் நின்ற புல் பூண்டு காற்றில் அடிபட்டுச் சாய்வதைப் பிரௌனிங் கவனித்தார். வெடிமருந்துக் காலத்திலிருந்து எத்தனை லட்சம் பேர் அதைப் பார்த்திருப்பார்கள்! குண்டை உந்திய பிறகும் அந்த வாயுவிடம் வேலை செய்யும் சக்தி மிச்சம் இருக்கிறது, அது வீணே போகிறது என்று அவருக்குத் தோன்றியது. வீட்டுக்குப் போனார். குழல் முனைக்கு எதிரே துளையிட்ட இரும்புத் துண்டை நிறுத்திச் சுட்டுப் பார்த்தார். குண்டு துளை வழியே போயிற்று; வாயு இரும்பைத் தூக்கி எறிந்தது. அந்தச் சக்தியைக்கொண்டே அடுத்த தோட்டாவை ஏற்றும் யந்திரத் துப்பாக்கி 1895இல் கோல்ட் கம்பெனி மாதிரியாக வெளிவந்தது.

பிஸ்டலுக்கு வருவோம். 1897இல் தானியங்கிப் பிஸ்டல்களுக்கு அவர் காப்புரிமைகள் பெற்றார். அமெரிக்காவில் செய்யும் உரிமை கோல்டுக்கு. ஐரோப்பாவில் செய்யும் உரிமை பெல்ஜியத்தின் எஃப்.என். தொழிற்சாலைக்கு. வின்செஸ்டருடன் உறவு முறிந்தது அதற்குச் சற்றுப் பின்னால்தான். தானாக ஏற்றிக்கொள்ளும் வேட்டைத் துப்பாக்கி ஒன்றைச் செய்து முடித்தவர், இம்முறை ஒட்டுமொத்த விலை வேண்டாம், விற்கும் ஒவ்வொன்றுக்கும் பங்கு வேண்டும் என்றார். பென்னெட் மறுத்துவிட்டார். அடுத்தபடியாக ரெமிங்டன் தலைவரைப் பார்க்கப் போய் அலுவலகத்தில் காத்திருந்த வேளையில், அந்தத் தலைவர் மாரடைப்பால் இறந்துபோனார் என்ற செய்தி வந்தது. அது 1902 ஜனவரி. பிரௌனிங் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பெல்ஜியத்துக்குக் கப்பலேறினார். அமெரிக்கர் கண்டுபிடித்த துப்பாக்கி பெல்ஜியத்தில் உருவாகி, இறக்குமதிச் சரக்காக அமெரிக்காவுக்கே திரும்பி வந்தது! இறக்குமதி என்றால் இளப்பம் என்று நினைக்கும் அண்ணாவுக்கு இதை முதலில் எழுதினேன்.

.45 பிஸ்டல் பிறந்த கதை அவ்வளவு இனிமையானது அன்று. 1899 முதல் அமெரிக்கப் படைகள் பிலிப்பைன்ஸில் போரிட்டன. தெற்குத் தீவுகளின் மோரோ மக்கள் தங்கள் மண்ணைக் காக்க வாளேந்தி நின்றார்கள். .38 ரிவால்வர் குண்டு பட்டும் அவர்கள் நிற்காமல் பாய்ந்து வருகிறார்கள் என்று ராணுவத்தார் முறையிட்டார்கள். 1904இல் இரண்டு அதிகாரிகள் சிகாகோவில் மாடுகளின் மீதும் மனிதப் பிணங்களின் மீதும் சுட்டுப் பார்த்து, .45 அங்குலத்துக்குக் குறைந்த குண்டு உதவாது என்று அறிக்கை தந்தார்கள். 1906இல் பூட் டாஹோ மலையில் பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கான மோரோக்கள் கொல்லப்பட்டார்கள். இவர்களை வீழ்த்துவதற்கு வேண்டிய குண்டின் அளவுதான் பிரௌனிங்கிடம் வந்த கணக்கு. அவர் அதற்கு விடை கண்டார். பிஸ்டல் படையினர் கைக்கு வந்தபோது அந்தப் போர் ஏறத்தாழ முடிந்துவிட்டது.

விடையின் அழகைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெடிக்கும் கணத்தில் குழலும் அதன்மேல் நகரும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டிருக்க வேண்டும். குண்டு வெளியேறி அழுத்தம் தணிந்தபின் பிரிய வேண்டும். குழலின் முதுகில் மேடுகள், ஸ்லைடின் உட்புறத்தில் பள்ளங்கள்; இரண்டும் கவ்வியபடி சேர்ந்து பின்னோக்கி நகரும். முதலில் செய்த பிஸ்டல்களில் குழலின் இரு முனைகளும் இரு சிறு இணைப்புகளில், ஊஞ்சற் பலகை சங்கிலிகளில் தொங்குவதைப்போல, அமைந்திருந்தன. சற்று நகர்ந்ததும் குழல் முழுவதும் கீழே இறங்கும். பின்பு, 1909 வாக்கில், முன் இணைப்பை எடுத்தே விட்டார். பின்முனையில் ஒரே இணைப்பு. அது வால்பக்கத்தை மட்டும் கீழே சாய்க்கிறது. மேடு பள்ளத்தை விட்டு விலகுகிறது; ஸ்லைடு தனியே ஓடி வெற்றுத் தோட்டாவை எறிகிறது. 1911 மார்ச்சில் நடந்த இறுதிச் சோதனையில் ஒரே பிஸ்டலிலிருந்து 6,000 குண்டுகள் சுட்டார்கள். ஒரு தடவையும் சிக்கவில்லை. போட்டிக்கு வந்த சாவேஜ் பிஸ்டல் 37 தடவை தடுமாறியது. மார்ச் 29ஆம் தேதி ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது.

1914 ஜூனில் சாராயேவோ வீதியில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்ட பிஸ்டலும் பிரௌனிங் அமைத்து எஃப்.என். செய்த 1910ஆம் ஆண்டு மாதிரிதான். அந்தத் தோட்டாக்கள் தொடங்கிவைத்த போருக்கு அமெரிக்கா 1917இல் புறப்பட்டபோது, அரசாங்கம் மறுபடியும் பிரௌனிங்கைத்தான் தேடியது. அவர் கொண்டுவந்த யந்திரத் துப்பாக்கி சோதனையில் 20,000 குண்டுகளைத் தங்குதடையின்றிச் சுட்டது. மீண்டும் 20,000 சுட்டது. அது விசேஷமாகப் பொறுக்கி எடுத்ததோ என்று ஐயுற்றவர்களுக்காக இன்னொன்றைக் கொண்டுவந்து 48 நிமிஷம் ஓயாமல் சுட்டுக் காட்டினார். யந்திரத் துப்பாக்கி, தானியங்கி ரைபிள், .45 பிஸ்டல் மூன்றையும் செய்யும் உரிமைக்கு அரசாங்கம் தர முன்வந்தது 7,50,000 டாலர். வழக்கமான பங்குப்படி ஒரு கோடி டாலருக்கு மேல் வந்திருக்கும் என்கிறார்கள். ஒரு பங்குக்காக வின்செஸ்டரை விட்டு வெளியேறிய அதே மனிதர், இங்கே பேரம் பேசாமல் கையெழுத்திட்டார். மகன் வால் அந்தத் தானியங்கி ரைபிளோடு பிரான்ஸ் போர்முனைக்குப் போனார்.

1926 நவம்பர் 26ஆம் தேதி, பெல்ஜியத்தில் லியேஜ் நகரை அடுத்த எர்ஸ்டால் தொழிற்சாலையில், வேலைக்கு வந்த இடத்தில் மார்பு வலி கண்டு பிரௌனிங் இறந்தார். வயது 71. 128 காப்புரிமைகள் அவர் பேரில் இருந்தன. உடலை ஆக்டனுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். அவர் விட்டுச்சென்ற ஒரு பிஸ்டல் வேலையை எஃப்.என். நிபுணர் ஸாய்வ் தொடர்ந்தார். தம் 1911 காப்புரிமைகள் கோல்டிடம் இருந்தபடியால், பிரௌனிங் தம்முடைய யோசனைகளையே தாம் பயன்படுத்த முடியாமல் சுற்றிவளைத்து அந்தப் பிஸ்டலைத் தொடங்கியிருந்தார். 1928இல் காப்புரிமை காலாவதியானதும் ஸாய்வ் அவற்றைத் தாராளமாகச் சேர்த்துக்கொண்டார். 1935இல் வெளிவந்த அந்தப் பிஸ்டலின் பிரதியைத்தான் பின்னாளில் நம் இந்திய ராணுவத்துக்காகக் கொல்கத்தாவுக்கு வடக்கே இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்தார்கள்.

காப்புரிமை தீர்ந்தபின் .45 பிஸ்டலை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றாயிற்று. செய்யவும் முடிந்தது, அதுதான் விஷயம். இரண்டாம் உலகப் போரின்போது தட்டச்சு யந்திரக் கம்பெனியான ரெமிங்டன் ராண்டும், ரயில்வே சிக்னல் செய்த கம்பெனியும் அதைச் செய்தன. தையல் யந்திரத்துக்குப் பேர்போன சிங்கர் 500 செய்தது. ஒன்றின் உறுப்பு மற்றொன்றில் பொருந்தவேண்டும் என்பது நிபந்தனை. அமெரிக்க ராணுவம் 1985இல் வேறு பிஸ்டலைத் தேர்ந்தெடுப்பதற்குள் ஏறத்தாழ 27 லட்சம் செய்தாகிவிட்டது.

ஆகவே அண்ணாவுக்கு இப்படி எழுதினேன். ஸ்லைடில் பொறித்த பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். அமெரிக்கப் பெயர் தாங்கிய ஸ்பிரிங்ஃபீல்டு பிஸ்டல்களுக்கே பிரேசிலிலிருந்து சட்டம் வந்திருக்கிறது. சீனத்து நோரின்கோ நல்ல உருக்கு என்கிறார்கள். ஆனால் 1994இல் அதன் இறக்குமதி நின்றுபோனதால் பழசுதான் கிடைக்கும். துருக்கியில் டிராப்சோன் ஊர்த் திஸாஸ் சட்டத்தை அடித்து உருவாக்குகிறது. பிலிப்பைன்ஸ் ஆர்ம்ஸ்கார் வார்த்து எடுக்கிறது. வார்ப்பு என்றதும் பயப்பட வேண்டாம். கலப்பு உருக்கைச் சரியாக வார்த்துச் சூடேற்றிப் பதப்படுத்தினால், இந்தப் பிஸ்டலின் அழுத்தத்துக்கு அது தாங்கும். கவனிக்கவேண்டியவை சின்ன உறுப்புகள். உலோகத் தூளைப் பிசினோடு கலந்து அச்சில் செலுத்திச் சூளையில் சுட்டெடுக்கும் முறையில் அவற்றைச் செய்தால் விலை குறையும். உள்ளே நுண்துளை தங்கிவிட்டால் ஒருநாள் முறியும். ஆனால் பழைய ராணுவ அளவை விடாத பிரதியாக இருந்தால் அந்த உறுப்பைக் கழற்றிவிட்டு நல்லதை மாட்டிக்கொள்ளலாம். அளவை மாற்றிக்கொண்ட பிரதி எவ்வளவு பளபளத்தாலும் வேண்டாம்.

எழுதி முடித்தபின் ஆர்ம்ஸ்காரைப் பற்றி இன்னும் கொஞ்சம் படித்தேன். மணிலாவை ஒட்டிய மாரிகினாவில், காலணித் தொழிலுக்குப் பேர்போன ஊரில், அதன் தொழிற்சாலை இருக்கிறது. எந்த நாட்டு மக்களை வீழ்த்துவதற்காக அந்தக் குண்டின் அளவு நிர்ணயிக்கப்பட்டதோ, அந்த நாட்டுத் தொழிலாளிகள் அந்தப் பிஸ்டலைச் செய்து அமெரிக்காவுக்கே கப்பலேற்றுகிறார்கள். சிரிப்பதா வருந்துவதா என்று எனக்கு விளங்கவில்லை. இன்னொன்றும் படித்தேன். 1948 ஜனவரி 30 மாலை டில்லியில் காந்தியடிகளைச் சுட்டது இத்தாலியப் பெரெட்டா பிஸ்டல். அதில் இருந்த தோட்டா, பிரௌனிங் அமைத்து 1908இல் கோல்ட் கம்பெனி வெளியிட்ட .380 தோட்டா வகை. அன்றிரவு நான் மெஸ்ஸுக்குப் போகவில்லை. புல் சாய்வதைக் கண்டுகொண்ட கண்ணை வியந்தவன் நான்தானே என்ற எண்ணம் வந்துகொண்டே இருந்தது. இந்தச் செய்தியை அண்ணாவுக்கு எழுதவில்லை.

பொங்கலுக்கு அவரிடமிருந்து பதில் வந்தது. மாரிகினாப் பிஸ்டலையே வாங்கிவிட்டாராம். அடுத்த வீட்டுக் கிழவர் தம் தகப்பனார் போரிலிருந்து கொண்டுவந்த ரெமிங்டன் ராண்டைக் காட்டினாராம். இரண்டின் மாகஸினையும் மாற்றிப் போட்டுப் பார்த்தார்களாம். இரண்டிலும் சரியாகப் பொருந்தியதாம்.