சட்டசபைக்குச் சென்ற மருத்துவர்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

ஆண்டுதோறும் பள்ளி திறந்த சில நாட்களில் நம் வகுப்பறைகளில் ஒரு சிறு தேர்தல் நடைபெறுகிறது. துண்டுக் காகிதத்தில் ஒரு பெயரை எழுதி, நான்காக மடித்து, ஆசிரியையின் மேசைமீதுள்ள சாக்பீஸ் பெட்டியில் போடுகிறோம். வாக்குகள் எண்ணப்படுகின்றன, ஒருத்தி வகுப்புத் தலைவியாகிறாள், நாமெல்லாம் கை தட்டுகிறோம். கால்மணி நேரத்தில் முடிந்துவிடும் இக்காரியத்தை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டில் வாழ்ந்த பெண்களில் மிகப் பெரும்பாலோர்க்கு எந்தப் பெட்டியிலும் எந்தக் காகிதத்தையும் போடும் உரிமை இருந்ததில்லை. அந்த உரிமைக்காக உழைத்தவர்களுள் நம் தமிழகம் தந்த பெண்மணி ஒருவரின் வாழ்வை இங்கே சற்று நினைத்துப் பார்ப்போம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் தலைமைப் பொறுப்பை வகித்த கல்விமான். தாயார் சந்திரம்மாள், இசை வேளாளர் மரபில் வந்தவர். சாதிக் கட்டுப்பாடு இறுகிக் கிடந்த அக்காலத்தில் இத்தகைய குடும்பத்தில் பிறந்து, தலைநிமிர்ந்து வாழ்வது எளிதான செயலன்று. பருவமெய்திய பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புவதும் அன்று வழக்கமில்லை. ஆகவே முத்துலட்சுமி வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார்.

அடுத்த படி கல்லூரி. அது ஆண்கள் மட்டுமே பயின்ற கல்லூரி. ஒரு பெண்ணைச் சேர்த்தால் மாணவர்களின் ஒழுக்கம் கெடும் என்று எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அனுமதி அளித்தார். கதவு ஒருமுறை திறந்தது. அதன் வழியே நடந்து செல்லும் துணிவு அப்பெண்ணிடம் இருந்தது. 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் சிறப்பாகத் தேறிப் பட்டம் பெற்றார். சென்னை அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாகப் பணியேற்ற முதற் பெண்மணி அவரே. 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் பணிக்குத் தடை சொல்லலாகாது என்ற நிபந்தனையோடுதான் அத்திருமணத்திற்கு அவர் இசைந்தார்.

இவ்வளவில் அவர் நின்றிருந்தாலும் நாம் அவரைப் போற்றியிருப்போம். நல்ல தொழில், நல்ல வருமானம், நல்ல பெயர் எல்லாம் இருந்தன. ஆனால் மருத்துவரின் கண் நோயோடு நோயின் காரணத்தையும் காண்கிறது. பதின்மூன்று, பதினான்கு வயதில் தாயாகி வாடும் சிறுமிகளையும், பிரசவத்தில் மடியும் இளம்பெண்களையும் அன்றைய மருத்துவமனைகள் கண்டன. இவர்களுக்கு மருந்து தந்தால் போதுமா? சிறுமிக்குத் திருமணம் செய்யும் வழக்கத்தை எந்த மாத்திரை தீர்க்கும்? அதற்குச் சட்டம் வேண்டும். சட்டம் செய்ய மன்றம் வேண்டும். அம்மன்றத்தில் பெண்ணின் குரல் வேண்டும். இந்த வழியில்தான் மருத்துவமனையிலிருந்து சட்டசபைக்கு ஒரு பாதை பிறந்தது.

பெண்ணுரிமைக்காக 1917-இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. 1919-ஆம் ஆண்டின் அரசியல் சீர்திருத்தச் சட்டம் பெண்களுக்கு வாக்குரிமை தருவதா வேண்டாமா என்ற முடிவை மாகாண சபைகளிடமே விட்டுவிட்டது. மாகாணங்களுள் முதலாவதாக 1921-இல் சென்னை அவ்வுரிமையை வழங்கிற்று. ஆனால் சொத்தும் வரியும் உடையவர்க்கே வாக்கு என்பதால், பயன் பெற்ற பெண்கள் மிகச் சிலரே. 1926-இல்தான் பெண்கள் சபை உறுப்பினராகவும் ஆகலாம் என்ற நிலை வந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாய் போட்டியிட்டுச் சிறு வித்தியாசத்தில் தோற்றார். முத்துலட்சுமி ரெட்டியோ அரசாங்க நியமனத்தால் சபைக்குள் சென்றார். சென்னைச் சட்டசபையின் முதற் பெண் உறுப்பினர் அவர். விரைவில் சபையின் துணைத் தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் அமர்ந்த இருக்கை மக்கள் வாக்களித்துத் தந்ததன்று; அந்நிய அரசு தந்தது. அப்படித் தரப்பட்ட இடத்தில் அமைதியாக அமர்ந்து, வந்த தீர்மானங்களுக்குத் தலையசைத்துவிட்டுப் போவது எளிது. அவர் அவ்வாறு செய்யவில்லை. சபைக்கு வர இயலாதவர்களுக்காகவும், வாக்கே இல்லாதவர்களுக்காகவும் பேசுவதே தம் கடமை என்று கொண்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றார். பெண்களின் திருமண வயதை உயர்த்தப் போராடினார். 1929-இல் பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் வந்த சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதைப் பதினான்காக நிர்ணயித்தது. அதுவும் போதாதுதான், ஆயினும் அது முதற்படி.

அவர் எடுத்துக்கொண்ட பணிகளுள் மிகக் கடினமானது, சிறுமிகளுக்குக் கோயில்களில் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிப்பது. தம் தாயார் பிறந்த சமூகத்தோடு தொடர்புடைய வழக்கம் அது. அதைப் பற்றி வாய் திறந்தால் தம் குடும்பத்தையே பிறர் சுட்டிக்காட்டுவர் என்பதை அறியாதவரா அவர்? அறிந்தே பேசினார். 1927-இல் தீர்மானம் கொண்டு வந்தார். 1929-இல் அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் நிறைவேறியது. கோயில் பணி செய்தால் மட்டுமே நிலத்தை அனுபவிக்கலாம் என்றிருந்த பெண்களுக்கு, அப்பணியிலிருந்து விடுபட்டாலும் நிலம் அவர்களுக்கே உரியது என்று அது வழிசெய்தது. வாழ்வதற்கு வழியில்லாமல் விடுதலை மட்டும் தந்து பயனில்லை என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு அது.

இதற்கு எதிர்ப்பும் இருந்தது. சமயத்தில் அரசு தலையிடலாமா என்றனர் சிலர். தலைமுறை தலைமுறையாக இசையையும் நடனத்தையும் காத்துவந்த பெண்களிலேயே ஒரு பகுதியினர், எங்கள் கலையும் வாழ்வும் என்னாகும் என்று அரசுக்கு மனு கொடுத்தனர். அவர்களுடைய அச்சத்தையும் நாம் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. குடியாட்சியில் ஒருவர் நன்மை என்று கருதுவது மற்றவர்க்கு இழப்பாகத் தோன்றுவது உண்டு. இரு பக்கமும் பேச இடமிருக்க வேண்டும், அதற்குத்தான் சபை. ஆனால் தன் வாழ்வைத் தானே தீர்மானிக்க இயலாத வயதில் ஒரு சிறுமியைப் பொட்டுக்கட்டி விடுவது சரியா என்ற அவருடைய கேள்விக்கு, அன்றும் சரியான மறுமொழி இல்லை; இன்றும் இல்லை.

பொட்டுக்கட்டுவதையே தடை செய்யும் மசோதாவை 1930-இல் அவர் கொண்டு வந்தார். அதே ஆண்டு நாடெங்கும் உப்புச் சத்தியாக்கிரகம் எழுந்தது. மே மாதம் காந்தியடிகள் கைது செய்யப்பட்டார். இப்போது முத்துலட்சுமி ரெட்டியின் முன் இரண்டு கடமைகள் நின்றன. சபையில் தொடர்ந்தால் தம் மசோதாவை நிறைவேற்றப் பாடுபடலாம். ஆனால் நாட்டின் தலைவரைச் சிறையில் அடைத்த அரசு தந்த இருக்கையில் எப்படி அமர்ந்திருப்பது? அவர் பதவியைத் துறந்தார். மசோதா சட்டமாவதற்கு 1947-ஆம் ஆண்டு வரை, பதினேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அம்முடிவு சரியா என்று நம் வகுப்பில் விவாதம் வைத்தால், இரு கட்சியிலும் நன்றாகப் பேசலாம். அவர் அதற்குப் பெரிய விலை கொடுத்தார் என்பதை மட்டும் இரு கட்சியாரும் ஒப்புக்கொள்வர்.

பதவி போயிற்று, பணி போகவில்லை. அக்காலத்தில் பொட்டுக்கட்டும் வாழ்விலிருந்து தப்பி வந்த சில இளம்பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். நகரிலிருந்த பெண்கள் விடுதிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்தன. சட்டசபையில் யாருக்காகப் பேசினாரோ, அவர்களே இப்போது வாசலில் நிற்கிறார்கள். அவர் அவர்களை உள்ளே அழைத்துக்கொண்டார். அவ்வாறு பிறந்ததுதான் ஔவை இல்லம். சாதி பாராமல் ஆதரவற்ற பெண்களுக்கு உணவும் உறைவிடமும் கல்வியும் அளித்த அவ்வில்லம் பின்னர் அடையாற்றில் நிலைபெற்றது. சட்டம் ஒரு வழக்கத்தைத் தடுக்கலாம். அதிலிருந்து வெளியே வருபவளுக்கு இரவு உணவும் பாயும் தர ஒரு மனிதர் வேண்டும். இரண்டையும் ஒருவரே செய்ததை நாம் இங்கே காண்கிறோம்.

இனி, இந்தியர் என்ற எண்ணத்தைப் பற்றி அவர் வாழ்வு சொல்லும் செய்திக்கு வருவோம். 1933-இல் இந்தியாவின் புதிய அரசியலமைப்பை ஆராய லண்டனில் நாடாளுமன்றக் கூட்டுக் குழு ஒன்று கூடியது. இந்தியப் பெண்கள் அமைப்புகளின் சார்பில் மூவர் அதன்முன் சாட்சியம் அளித்தனர். ராஜகுமாரி அம்ரித் கௌர் கிறிஸ்தவர்; பேகம் ஷரீஃபா ஹமீத் அலி இஸ்லாமியர்; முத்துலட்சுமி ரெட்டி இந்து. மூவர் கேட்டதும் ஒன்றே. மதத்துக்கொரு வாக்காளர் பட்டியல் எங்களுக்கு வேண்டாம். இந்தியப் பெண்களைப் பிரித்து எண்ண வேண்டாம். வயது வந்த அனைவர்க்கும் ஒரே வாக்குரிமை வேண்டும் என்றனர்.

அக்கோரிக்கை அன்று ஏற்கப்படவில்லை. 1935-ஆம் ஆண்டுச் சட்டம் மாகாண சபைகளில் பெண்களுக்கென 41 இடங்களை ஒதுக்கியது. அவ்விடங்களையும் மத அடிப்படையில் பகிர்ந்தது. ஆயினும் நாடு விடுதலை பெற்று 1950-இல் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, சாதி, மதம், சொத்து, ஆண், பெண் என்ற வேற்றுமை இல்லாத ஒரே வாக்காளர் பட்டியல் நமக்குக் கிடைத்தது. அம்மூவரும் லண்டனில் கேட்டது அதுவே.

1951-52-இல் முதற் பொதுத்தேர்தல் நடந்தபோது ஒரு வருந்தத்தக்க செய்தி தெரியவந்தது. ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் தம் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே பதிவு செய்ததால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். உரிமை வந்துவிட்டது, அதைக் கைநீட்டி வாங்க ஒரு பெயர் வேண்டியிருந்தது. பெண் கல்விக்காக முத்துலட்சுமி ரெட்டி அத்தனை ஆண்டுகள் உழைத்தது எதற்கு என்று நமக்கு இப்போது நன்கு விளங்குகிறது.

அவருடைய இறுதிப் பெரும் பணி அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பலிகொடுத்த துயரத்தில் பிறந்த கனவு அது. 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை தொடங்கியது. இன்று நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் நோயாளிகள் அங்கு வருகின்றனர். 1956-இல் அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்துச் சிறப்பித்தது. 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள், தம் 81-ஆம் வயதில் அவர் இயற்கை எய்தினார். கருவுற்ற ஏழைத் தாய்மார்க்குத் தமிழக அரசு வழங்கும் நிதியுதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அன்புத் தோழியரே! 2023-இல் மக்களவையிலும் சட்டசபைகளிலும் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும் அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது. பதினெட்டு வயது நிறைந்ததும் நம் பெயரும் வாக்காளர் பட்டியலில் ஏறும். நம்மில் யாரேனும் ஒருநாள் அவ்விருக்கைகளில் அமரவும் கூடும். அதற்கு முன்பே பழகிக்கொள்ள நமக்கு வகுப்பறை இருக்கிறது. அடுத்த முறை நாம் ஒருத்தியைத் தலைவியாகத் தேர்ந்தெடுக்கும்போது, நமக்கு நெருங்கியவள் யார் என்று பார்ப்பதை விட்டு, கடைசி வரிசையில் வாய் திறவாமல் அமர்ந்திருக்கும் தோழிக்காகப் பேசக்கூடியவள் யார் என்று பார்ப்போம். தேர்ந்தெடுக்கப்பட்டவள், தனக்கு வாக்களிக்காதவளுக்கும் தானே தலைவி என்பதை மறவாதிருக்கட்டும்.

புதுக்கோட்டையில் ஒரு கல்லூரிக் கதவு ஒரு பெண்ணுக்காகத் திறந்தது. அவர் தம் வாழ்நாள் முழுவதும் பிறருக்காகக் கதவுகளைத் திறந்துகொண்டே இருந்தார். அவ்வழியில் உள்ளே வந்தவர்கள் நாம். நமக்குப் பின் வருபவர்களுக்காக அக்கதவைத் திறந்தே வைப்போம்.