தாது வருஷப் பஞ்சத்தில் ஒரு பவுண்டு கூலி: யார் இந்த ரிச்சர்ட் டெம்பிள்?

இருப்பது கொஞ்சம், தேவைப்படுவோர் ஏராளம். யாருக்கு, எவ்வளவு கொடுப்பது? மருத்துவமனையில் இந்த முடிவுக்குப் பெயர் 'ட்ரையாஜ்'. கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் படுக்கைக்குக் காத்திருந்தப்போ நாம் பார்த்ததும் இதைத்தான். சுமார் 150 வருஷத்துக்கு முன், சோற்றுக்கே இந்தக் கேள்வி வந்தது. அப்போது சென்னை மாகாணத்தில் அளவு போட்டவர் சர் ரிச்சர்ட் டெம்பிள்.

யார் இவர்?

1826-ல் பிறந்த ஆங்கிலேயர். வங்காள சிவில் பணியில் சேர்ந்து உயர் பதவிக்கு வந்தவர். 1873-74 பீகார் பஞ்சத்தில் பர்மா அரிசியை லட்சக்கணக்கான டன் இறக்கினார். பட்டினிச் சாவு மிகக் குறைவு. ஆனால் பாராட்டுக்குப் பதில், அரசுப் பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்ற திட்டுதான் கிடைத்தது.

சென்னையில் என்ன செய்தார்?

1876-ல் பருவமழை பொய்த்தது. 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் இவரை இங்கே அனுப்பினார். இந்த முறை செலவைக் குறைக்கணும். நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு (சுமார் 450 கிராம்) தானியம், ஒரு அணா என்று நிர்ணயித்தார். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் இன்னும் கம்மி. இதுதான் 'டெம்பிள் கூலி'.

எதிர்த்த டாக்டர்

மாகாண சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதை ஏற்கவில்லை. மண் வெட்டும் உடம்புக்கு ஒன்றரை பவுண்டு தானியமும், பருப்பு, காய்கறியும் வேணும் என்றார். சில மாதங்களில் சென்னை அரசு அளவை ஓரளவு கூட்டியது. அதற்குள் பலர் உருக்குலைந்திருந்தார்கள்.

திண்டிவனம் பக்கம் மரக்காணம் வரை வரும் பக்கிங்காம் கால்வாய் தெரியும்தானே? அதில் அடையாறையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி, இந்தப் பஞ்ச நிவாரண வேலையில் வெட்டியதுதான்.

பிறகு?

டெம்பிள் 1877-லேயே பம்பாய் ஆளுநர் ஆனார். பின்னர் பிரிட்டிஷ் எம்.பி. 1902-ல் இறந்தார். பஞ்சத்தில் இறந்தவர்கள் 56 லட்சம் முதல் 96 லட்சம் வரை என மதிப்பிடுகிறார்கள். 1880-ல் பஞ்ச ஆணையம் அறிக்கை தந்தது. அதிலிருந்து பஞ்ச விதிகள் உருவாயின.

இன்று இது ஏன் முக்கியம்?

அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பது நோயாளியின் நிலையைப் பார்த்து. டெம்பிள் கூலி கஜானாவைப் பார்த்துப் போட்ட கணக்கு. அந்தப் பஞ்சத்திலும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறியது. அதனால் அடுத்த முறை 'இருப்பே இவ்வளவுதான்' என்று யாராவது சொன்னால், யார் முதலில் என்று பிரிப்பதற்கு முன்னாடி, அந்த இருப்பு ஏன் அவ்வளவு குறைஞ்சதுன்னும் கேட்கணும்.