பெரியாற்றைத் திருப்பிய பென்னிகுவிக்



நம் முன்னோருள் பலர் தமிழ்நாட்டின் மதுரை, இராமநாதபுரம், திருச்சி, தஞ்சை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து இந்நாட்டுக்கு வந்தவர்கள். மழை பொய்த்து வயல் காய்ந்ததால் ஊரைவிட்டுக் கப்பலேறியோர் அவர்களுள் உண்டு. அத்தகைய வறண்ட சீமைக்கு ஓர் ஆற்றையே திருப்பிக் கொடுத்த பொறியியலாளர் ஒருவரின் வரலாற்றை நாம் அறிந்துகொள்வது நன்று. அவர் பெயர் ஜான் பென்னிகுவிக்.

பென்னிகுவிக் 1841ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் இந்தியாவில் உள்ள பூனா நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் ஆங்கிலப் படையில் உயர்ந்த அதிகாரி. 1849ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் பஞ்சாபில் சில்லியன்வாலா என்னுமிடத்தில் கடும் போர் நடந்தது. அப்போரில் தந்தையாரும் தமையனாரும் ஒரே நாளில் உயிர் நீத்தனர். சிறுவனுக்கு எட்டு வயது நிறைவதற்கு இன்னும் இரண்டு நாளே இருந்தது. அத்துயரைத் தாங்கி வளர்ந்த அவர், இங்கிலாந்தில் கல்வி கற்றுப் பொறியியல் பயின்றார். 1860ஆம் ஆண்டில் சென்னை மாகாணப் பொறியியல் படையின் அதிகாரியாக இந்தியா திரும்பினார்.

அக்காலத்தில் மதுரைச் சீமையின் நிலைமை என்ன? மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்புறத்தில் பெருமழை பெய்யும். அங்குப் பிறக்கும் பெரியாறு வற்றாத நீருடன் ஓடி அரபிக்கடலில் கலக்கும். மலையின் கிழக்கே வைகையாறோ ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாய்க் கிடக்கும். மேற்கே செல்லும் நீரைக் கிழக்கே திருப்பினால் என்ன என்னும் எண்ணம் புதியதன்று. இராமநாதபுரம் சேதுபதி மன்னரின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை 1789ஆம் ஆண்டிலேயே இதை ஆராய்ந்தார். செலவு மிகுதியால் அது கைகூடவில்லை. 1850ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஒரு சிறிய அணையைத் தொடங்கினர். வேலையாட்கள் காய்ச்சலில் விழுந்ததால் அதுவும் கைவிடப்பட்டது.

பின்னர் 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவில் கொடிய பஞ்சம் தலைவிரித்தாடியது. மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டனர். அதன்பின் சென்னை அரசாங்கம் விழித்துக்கொண்டது. நிலம் விளைந்தால் வரியும் பெருகும் என்ற கணக்கும் அதற்கு இருந்தது. 1882ஆம் ஆண்டில் திட்டத்தை வகுக்கும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. அணை எழவேண்டிய இடம் திருவிதாங்கூர் மன்னருக்குரியது. ஆகவே 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாயிற்று.

திட்டம் இதுதான்: ஆற்றின் குறுக்கே 176 அடி உயரமும் 1,200 அடி நீளமும் உள்ள கல்லணை ஒன்றை எழுப்புவது, அதன் பின்னால் ஏரிபோல் நீரைத் தேக்குவது, மலையைக் குடைந்து ஒரு மைலுக்குச் சற்று மிகுதியான சுரங்கம் அமைத்து, அந்நீரைக் கிழக்கே வைகைக்கு அனுப்புவது. 1887ஆம் ஆண்டில் வேலை தொடங்கியது.

மாணவர்களே, நம் தோட்டத்து ஓடையில் கற்களை அடுக்கி நீரை மறித்து விளையாடியிருப்பீர்கள். கற்களை அடுக்குவது எளிது. நீர் உயர உயர, எங்கே இடுக்கு இருக்கிறதோ அங்கே அது பாயும். ஒரு கல் பெயர்ந்தால் மற்றவையும் அதன் பின்னே போகும். பென்னிகுவிக் எதிர்கொண்ட இடையூறும் இதுவே. ஆனால் அவர் முன் நின்றது ஓடையன்று, காட்டாறு. ஓடுகின்ற ஆற்றில் அடித்தளம் இடவேண்டுமானால், முதலில் தற்காலிகக் கரை கட்டி நீரை ஒருபுறம் ஒதுக்கவேண்டும். அவ்வாறு கட்டிய கரைகளை வெள்ளம் ஒரு முறையன்று, பலமுறை அடித்துச் சென்றது. ஒவ்வொரு முறையும் அவரும் அவருடைய ஆட்களும் மீண்டும் தொடங்கினர்.

அணையின் முகப்புகள் கருங்கல்லால் கட்டப்பட்டன. உள்ளே சுண்ணாம்பு, செங்கற்பொடி, மணல், உடைகல் ஆகியவற்றைக் கலந்த சுர்க்கிக் காரை நிரப்பப்பட்டது. இக்காலத்தைப்போல் சிமெண்டு கொண்டு கட்டிய அணையன்று அது. சாலையற்ற அக்காட்டிற்குப் பொருள்கள் கம்பிவடத்தில் தொங்கியும் படகில் ஏறியும் வந்து சேர்ந்தன.

இவ்வளவையும் ஒருவர் கை செய்துவிடுமா? படைத்துறையின் சென்னைப் பயனியர் பிரிவினரும், சமவெளியிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளரும் அங்கு உழைத்தனர். அடர்ந்த காடு, காட்டு யானை, ஓயாத மழை இவற்றோடு காய்ச்சலும் காலராவும் அவர்களை வாட்டின. நோயால் இறந்தோர் 480க்கும் மேற்பட்டோர் எனப் பதிவுகள் கூறுகின்றன. அணைக்கு அருகிலேயே அவர்களுக்குக் கல்லறைகள் அமைந்தன. காட்டை அழித்து இரப்பர்த் தோட்டம் எழுப்பியபோது நம் பாட்டன்மார் பட்ட பாட்டை அறிந்த நமக்கு, அத்தொழிலாளர் பட்ட துன்பம் என்னவென்று சொல்லித் தெரியவேண்டியதில்லை.

1895ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். மேற்கே ஓடிய நீர் மலையைத் துளைத்துக் கிழக்கே இறங்கியது. கம்பம் பள்ளத்தாக்கு இருபோகம் விளையும் பூமியாயிற்று. இன்றும் தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்கள் அந்நீரால் பயன்பெறுகின்றன.

பணம் போதாதபோது பென்னிகுவிக் தம் குடும்பச் சொத்தை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்று அப்பகுதி மக்கள் வழிவழியாகக் கூறுகின்றனர். ஆனால் அணைக்கான செலவை ஏற்றது சென்னை அரசாங்கமே. அவ்வாறாயின் அக்கதை ஏன் பிறந்தது? காடு என்றும் காய்ச்சல் என்றும் பாராமல், வெள்ளம் அழித்ததை மீண்டும் மீண்டும் கட்டியவரை மக்கள் கண்ணால் கண்டனர். சம்பளத்திற்கு வேலை செய்பவர் இவ்வளவு செய்வாரா என்று வியந்தனர். அவ்வியப்பே கதையாக வளர்ந்தது எனலாம். கதையை நீக்கிப் பார்த்தாலும் அவர் பெருமை குறைவதில்லை.

பணி ஓய்வுக்குப்பின் அவர் இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரியின் தலைவராக விளங்கினார். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகர மக்களுக்கு வெள்ளத் தடுப்புக்கான ஆலோசனையும் வழங்கினார். 1911ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் கேம்பர்லி என்னும் ஊரில் காலமானார். அவர் பிறந்த நாள் பொங்கல் காலத்தில் வருவதால், கம்பம் பள்ளத்தாக்கு உழவர்கள் அந்நாளில் அவரை நினைந்து பொங்கலிடுகின்றனர். தம் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டியோரும் உளர். 2013ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் எழுப்பியது.

அணை நூற்றாண்டைக் கடந்துவிட்டது. பழைய அணையாயிற்றே என்று கேரள மக்கள் அஞ்சுகின்றனர்; அந்நீரின்றி வாழ்வேது என்று தமிழ்நாட்டு மக்கள் கலங்குகின்றனர். பின்னாளில் அணை வலுப்படுத்தப்பட்டது. 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று 2014ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டி முடிப்பதோடு கடமை முடிவதில்லை, கட்டியதைப் பேணிக் காக்கவும் வேண்டும் என்பதை இதனால் உணர்கிறோம்.

மாணவர்களே! நம் மாநிலத்திலும் சுங்கை திரிப் அணை சிரம்பான் பகுதிக்கு நீர் வழங்குகின்றது. குழாயைத் திறந்தவுடன் வரும் நீருக்குப் பின்னால் எத்தனை பேர் உழைப்பு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு துளியையும் வீணாக்காதீர்கள். கணக்கும் அறிவியலும் கடினம் என்று ஒதுக்காதீர்கள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். வெள்ளம் கொண்டுபோன இடத்தில் மறுநாளே முதற்கல்லை வைத்தவர்களால்தான் பெரியாறு திரும்பியது.