செய்திக்கு நேர்மை தேடிய செம்மல் ஜி. சுப்பிரமணிய ஐயர்

1878ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் நீதிபதியாகத் திருவாரூர் முத்துசாமி ஐயர் அமர்த்தப்பெற்றார். சென்னையில் இந்தியர் ஒருவர் அவ்வுயர்ந்த இருக்கையை எய்தியது அதுவே முதன்முறை. அறிவாலும் உழைப்பாலும் வறுமையை வென்று உயர்ந்த அப்பெருமகனாரின் தகுதியை நாடறியும். எனினும், அந்நாளில் சென்னையில் செல்வாக்குப் பெற்றிருந்த ஆங்கில இதழ்கள் அவ்வமர்த்தத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதின. அவை இந்நாட்டில் குடியேறி வாழ்ந்த ஆங்கிலேயரின் இதழ்கள். அவர்தம் நலனையே கண்ணாகக் கொண்டவை. தாக்குண்டவர் சார்பில் விடை கூற இந்தியருக்கென்று அந்நகரில் வலிமை வாய்ந்த இதழ் ஒன்றும் இல்லை. ஒரு பக்கத்தார் உரைப்பதே செய்தி என்றும், அதுவே பொதுமக்கள் கருத்து என்றும் அரசு எண்ணிக்கொள்ளும் நிலை நிலவியது.

இந்நிலையைக் கண்டு உள்ளம் கொதித்தோர் திருவல்லிக்கேணி இலக்கியக் கழகத்தைச் சேர்ந்த இளைஞர் அறுவர். இருவர் ஆசிரியர், நால்வர் சட்டம் பயின்ற மாணவர். ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் பெற்று, தங்கசாலைத் தெருவில் இருந்த ஸ்ரீநிதி அச்சகத்தில் 80 படிகள் அச்சிட்டு, 1878 செப்டம்பர் 20ஆம் நாள் 'இந்து' வார இதழை அவர்கள் வெளியிட்டனர். நடுநிலையும் நீதியுமே தம் வழிகாட்டிகள் என முதல் இதழிலேயே உறுதி கூறினர். இலக்கியம் பேசக் கூடிய சிறு கழகம் ஒன்றிலிருந்து நாட்டின் குரலாக ஓர் இதழ் பிறந்த வரலாறு இது. அவ்வறுவருள் ஆசிரியப் பொறுப்பை ஏற்றவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். அப்போது அவருக்கு வயது 23.

தஞ்சை மாவட்டத்துத் திருவையாற்றில் 1855 சனவரி 19ஆம் நாள் பிறந்தவர் அவர். தந்தையார் கணபதி தீட்சிதர் அவ்வூர் முன்சீப் நீதிமன்றத்தில் வழக்குரைஞராய் இருந்தவர். மகன் ஆறு வயதை எட்டிய அளவிலேயே அவர் மறைந்தார். அன்னையின் அரவணைப்பில் வளர்ந்த சுப்பிரமணியர் தஞ்சையில் கல்வி பயின்றார். பின்னர்ச் சென்னை சென்று ஆசிரியப் பயிற்சி பெற்றார். பள்ளியில் கற்பித்துக்கொண்டே தனித்தேர்வராய்ப் பயின்று 1877இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். இவ்வாறு வகுப்பறையில் தொடங்கிய வாழ்வு அச்சுக்கூடத்தை நோக்கித் திரும்பியது. அறியாதார்க்கு அறிவிக்கும் பணியாகவே இரண்டையும் அவர் கருதினார் எனலாம்.

இளைய இதழின் நேர்மை விரைவில் சோதனைக்குள்ளாயிற்று. 1882இல் சேலத்தில் கலவரம் மூண்டது. அதனைத் தூண்டியவர் என்று சேலம் விசயராகவாச்சாரியார் மீது குற்றஞ்சாட்டப்பெற்றது. பத்தாண்டுச் சிறைத்தண்டனையும் விதிக்கப்பெற்றது. அரசு சொன்னதே மெய் என்று ஏற்றுக்கொள்ளாமல், அவ்வழக்கு நடத்தப்பெற்ற முறையை 'இந்து' அஞ்சாது கேள்விக்குள்ளாக்கியது. பின்னர் மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் விசயராகவாச்சாரியாரைக் குற்றமற்றவரென விடுவித்தது. அதிகாரம் தரும் செய்தியையும் ஆராய்ந்தே ஏற்க வேண்டும் என்னும் பாடத்தைப் படித்தவர்கள் இவ்வாறு பெற்றனர். வார இதழ் 1883இல் வாரம் மும்முறை வெளிவரலாயிற்று. 1889 ஏப்பிரல் முதல் நாளன்று நாளிதழாக மலர்ந்தது.

ஆயினும் ஆங்கில இதழ் ஒன்று எத்தனை பேரைச் சென்றடையும்? ஊர்தோறும் வாழ்ந்த உழவரும் வணிகரும் கைத்தொழிலாளரும் தம்மை ஆள்வோரின் செயல்களை எவ்வழி அறிவர்? இவ்வினாவுக்கு விடையாகவே 1882இல் ஐயர் 'சுதேசமித்திரன்' என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கினார். 1899இல் அது நாளிதழாயிற்று. தமிழ் நாளிதழ்களின் முன்னோடியாக அது இன்றும் போற்றப்பெறுகின்றது. சட்டமன்றம், பிரதிநிதித்துவம், வரவு செலவுத் திட்டம் போன்ற கருத்துகளைச் சுட்ட நிலைபெற்ற சொற்கள் தமிழில் இல்லாத காலம் அது. தந்திவழி வந்த ஆங்கிலச் செய்தியை, எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் அறியும் தமிழில் நாள்தோறும் ஆக்கித் தருதல் எளிய பணியன்று. சொல் தெளிவற்றதாயின் செய்தியும் திரிந்துவிடும். ஆதலின் தமிழ் உரைநடையை எளிமையாக்கும் கடமையும் செய்தியாளரின் தோள்மீது விழுந்தது.

பிறர் இதழ்களின் ஓரவஞ்சனையைக் கண்டிப்பது எளிது. அதற்குச் சொந்த மக்களின் கைத்தட்டலும் கிடைக்கும். தம் இதழை விலை கொடுத்து வாங்குவோரின் குறையை அவர்களிடமே எடுத்துரைப்பதுதான் அரிது. ஐயரின் வாழ்வு தனிச்சிறப்புப் பெறுவது இவ்விடத்திலேதான். குழந்தை மணம், கைம்பெண்களின் துயரம், சாதிக் கொடுமை ஆகியவற்றை அவர் இடைவிடாது எழுதினார். ஆங்கில ஆட்சியை அவர் சாடியபோது மகிழ்ந்த வாசகர் பலர், தம் இல்லத்து வழக்கங்களை அவர் சாடியபோது முகம் சுளித்தனர்.

ஊருக்கு உரைத்ததை அவர் தம் இல்லத்திலும் நிகழ்த்திக் காட்டினார். இளம் வயதிலேயே கணவனை இழந்த தம் மகளுக்கு 1889இல், பம்பாயில் காங்கிரசு மாநாடு கூடிய காலத்தில், மறுமணம் செய்வித்தார். அதன் விளைவாக உற்றாரும் உறவினரும் அவரை ஒதுக்கினர். எழுத்து வேறு வாழ்வு வேறு என அவர் பிரித்திருப்பின் அத்துன்பம் நேர்ந்திராது. ஆனால் அவர்தம் எழுத்தை நம்புதற்கு வேறு சான்று எதுவும் தேவைப்படாத நிலையையும் அச்செயலே உண்டாக்கியது.

சீர்திருத்தக் கருத்துகளின் வேகம் இதழின் பொருள்நிலையையும் தாக்கியது. வழக்குகள் எழுந்தன, வருவாய் தளர்ந்தது. நெடுநாள் தோழரும் பங்காளியுமான வீரராகவாச்சாரியாருக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு முற்றியது. இதழ் நிலைத்தால்தான் எதனையும் எழுத முடியும் என்பது ஒரு நியாயம். எழுத வேண்டியதை எழுதாத இதழ் நிலைத்து என்ன பயன் என்பது மற்றொரு நியாயம். இரண்டும் புறந்தள்ளத்தக்கன அல்ல. 1898இல் இருவரும் பிரிந்தனர். 'இந்து' வீரராகவாச்சாரியாரிடம் நின்றது. தாம் இருபதாண்டு வளர்த்த ஆங்கில இதழைத் துறந்து, தமிழ்ச் 'சுதேசமித்திர'னோடு ஐயர் வெளியேறினார். வருவாயும் செல்வாக்கும் குறைந்த இதழை அடுத்த ஆண்டே நாளிதழாக்கிய துணிவு வியப்பிற்குரியது.

செய்தியோடு புள்ளிவிவரமும் சான்றும் இணைய வேண்டும் என்பதில் ஐயர் உறுதியாய் இருந்தார். 1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசு மாநாட்டில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவரே. இந்திய ஆட்சிமுறையை ஆராய ஆணையம் ஒன்று வேண்டும் என்று அத்தீர்மானம் கோரிற்று. 1897இல் இலண்டன் சென்று, இந்தியச் செலவினங்களை ஆராய்ந்த வெல்பி ஆணையத்தின் முன் சான்றுரைத்தார். ஆங்கில ஆட்சியின் பொருளியல் விளைவுகளை ஆராயும் அவரது ஆங்கில நூல் 1903இல் வெளிவந்தது. வெறும் சினத்தை வாதமாக ஏற்காத உள்ளம் அவருடையது.

தமிழ்க் கவிதை உலகம் அவருக்குப் பட்டுள்ள கடன் பெரிது. மதுரையில் தமிழாசிரியராய் இருந்த இளைஞர் சுப்பிரமணிய பாரதியை 1904இல் சென்னைக்கு அழைத்துவந்து, 'சுதேசமித்திர'னில் துணையாசிரியராக்கியவர் அவர். நாள்தோறும் உலகச் செய்திகளைத் தமிழாக்கிய அப்பணி, கவிஞரின் பார்வையை உலகளாவ விரித்தது. உரைநடைக்கு உரமும் ஊட்டியது. எனினும் பாரதியின் அரசியல் கனல் முழுவதையும் தாங்க ஐயரின் இதழ் இடம் தரவில்லை. 1906இல் பாரதி 'இந்தியா' வார இதழுக்குச் சென்றார். எந்த இதழுக்கும், எத்துணை நேர்மையுடையதாயினும், ஓர் எல்லை உண்டு என்பதை இது காட்டுகின்றது. ஓர் இதழ் சொல்லாது விட்டதை அறிய மற்றோர் இதழையும் நாடுதல் வாசகரின் கடமையாகும்.

1908இல் 'சுதேசமித்திரன்' எழுத்துகளுக்காக அரசத்துரோகக் குற்றம் சாட்டப்பெற்று ஐயர் கைது செய்யப்பெற்றார். கொடிய தோல்நோயால் உடல் நலிந்திருந்த அவர், நன்னடத்தைப் பிணை அளித்து வெளிவர நேர்ந்தது. அதன்பின் எழுத்தின் வேகம் தணிந்தது. இதனை மறைத்து அவரைக் குறையேதுமற்றவராகக் காட்டுவது, உண்மையை நாடிய அவருக்கே இழைக்கும் தீங்காகும். நோயும் தனிமையும் சூழ்ந்த இறுதிக்காலத்தில், 1915இல் இதழை ஏ. ரங்கசாமி ஐயங்காரிடம் ஒப்படைத்தார். 1916 ஏப்பிரல் 18ஆம் நாள் அவர்தம் வாழ்வு நிறைவுற்றது.

அன்று ஒரு நீதிபதிக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் பொறாது எழுதப் புகுந்தவர், இறுதியில் தம்மவர்க்கே கசக்கும் உண்மைகளையும் எழுதித் தனித்து நின்றார். நம்பத்தகுந்த செய்தியிதழ் எது என்று இன்றும் வினவுவோர்க்கு அவர் வாழ்வு ஓர் உரைகல்லைத் தருகின்றது. ஓர் இதழ் தன் பகைவரை எத்துணை கடுமையாகச் சாடுகின்றது என்பது அதன் நேர்மைக்கு அளவாகாது. தன்னை விரும்பிப் படிப்போர் கேட்க விரும்பாத உண்மையை அது என்றேனும் சொன்னதுண்டா, சொன்னதற்குரிய விலையைக் கொடுத்ததுண்டா என்பதே அளவாகும். அவ்வுரைகல்லில் தம்மையே உரைத்துக் காட்டியவர் திருவையாறு ஈன்ற இப்பெருந்தகை.