சிற்றூர் ஓம்பிய குமரப்பா

திருவில்லிபுத்தூரை அடுத்த வன்னியம்பட்டி முதலிய ஊரினர், மதுரை செல்லும் பெருவழியில் டி. கல்லுப்பட்டியைக் காண்பர். அங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் முதுமையில் வாழ்ந்த பெருந்தகையே ஜே. சி. குமரப்பா.

இவர் 1892ஆம் ஆண்டில் தஞ்சாவூரிற் பிறந்தார். இலண்டனிற் கணக்காய்வு பயின்று, பம்பாயில் அத்தொழிலாற் பொருளீட்டினார். பின்னர் அமெரிக்காவிற் பொருளியல் கற்றபொழுது, இந்தியரின் வறுமைக்குக் காரணம் யாதென ஆராய்ந்தார். 1929ஆம் ஆண்டில் காந்தியடிகளைக் கண்டு, அவர் பணித்தவாறு குசராத்தின் மாத்தர் வட்டத்துச் சிற்றூர்களின் பொருள் நிலையைக் கணக்கிட்டார். செல்வரின் கணக்கை ஆய்ந்த கண், ஏழை உழவரின் கணக்கை ஆயலாயிற்று.

உழவர் எள்ளையும் நெல்லையும் மலிவாக விற்கின்றனர். ஆலை எண்ணெயையும் அரிசியையும் மிகுவிலைக்கு வாங்குகின்றனர். இடைப்பட்ட கூலி ஊரைவிட்டு அகல்கின்றது. இதனைத் தெளிந்த குமரப்பா, 1934ஆம் ஆண்டில் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் செயலாளராகி, வார்தாவில் செக்கு, கைக்குத்தல் அரிசி, தேனீ வளர்ப்பு முதலியவற்றைப் பேணினார். நாட்டு விடுதலைக்காகச் சிறையும் புகுந்தார்.

விடுதலைக்குப்பின் காங்கிரசு அமைத்த நிலச்சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். உழுபவர்க்கே நிலம் உரியதாதல் வேண்டுமென அக்குழு 1949ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. அது முற்றும் நிறைவேறக் காணாமலே, 1960ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், குமரப்பாவும் மறைந்தார்.

விளைந்த ஊரிலேயே விளைபொருளைப் பதப்படுத்தின், அதன் ஊதியம் உழவர் வீட்டிலேயே தங்கும். அவர் காட்டிய இந்நெறி வன்னியம்பட்டி உழவர்க்கேயன்றி, ஆப்பிரிக்க நாடுகளின் சிற்றுழவர்க்கும் ஏற்றதாம்.