இருளில் ஒரு கம்பி வளையம்

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1857 பிப்ரவரி 22 அன்று ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். மொழிகளில் நாட்டம் மிக்க ஹெர்ட்ஸ் இளமையிலேயே அரபு மொழி பயின்றார்; கடைசல் எந்திரத்தில் மரத்தையும் உலோகத்தையும் வடிக்கவும் பழகினார். நூலறிவோடு கூடிய அக்கைத்திறன் பின்னாளில் அவருக்குப் பெருந்துணையாயிற்று.

ஒளியும் ஒரு மின்காந்த அலையே என்று மாக்ஸ்வெல் கணக்கிட்டுக் காட்டியிருந்தார். சோதனைச் சான்று மட்டும் இல்லை. அதனோடு தொடர்புடைய சிக்கல் ஒன்றை ஆராயுமாறு 1879இல் பேராசிரியர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம் மாணவர் ஹெர்ட்ஸைத் தூண்டினார். அன்றிருந்த கருவிகள் போதா எனக் கணித்த ஹெர்ட்ஸ், அப்பணியை ஏற்கவில்லை. ஆயினும் அவ்வினா அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

1885இல் கார்ல்ஸ்ரூ நகரில் பேராசிரியரானார். மறு ஆண்டு எலிசபெத் டாலை மணந்தார். அங்கிருந்த கம்பிச் சுருள்கள் இரண்டில் ஒன்றில் மின்னிறக்கம் நிகழ்ந்தபோது மற்றொன்றிலும் பொறி எழக் கண்டார். அதுவே தொடக்கம். ஒருபுறம் பொறி எழுப்பும் கருவியை அமைத்தார். அலையைப் பெறுவதற்கு அவர் செய்தது மிக எளியது: ஏறத்தாழ 35 செ.மீ. ஆரமுள்ள கம்பி வளையம்; அதன் இரு முனைகளுக்கிடையே மயிரிழை போன்ற இடைவெளி. மின்கலமில்லை, அனுப்பும் கருவியோடு இணைப்புமில்லை. இருட்டறையில் நுண்பொறி தோன்றுகிறதா எனக் கண் வலிக்க நோக்கியிருந்தார். வளையத்தின் அளவு பொருந்தாதபோது பொறி மங்கியது, பொருந்தியபோது வலுத்தது. வளையத்தைத் திருப்பினாலோ, சில நிலைகளில் பொறி அறவே மறைந்தது! அலைக்குத் திசைப்பண்பு உண்டு என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

பொறியைத் தெளிவாகக் காண வளையத்தை இருட்பெட்டிக்குள் வைத்தபோது அது சுருங்கியது. இடையூறென்று ஒதுக்காமல் பல மாதங்கள் அதன் காரணத்தைத் தேடினார். புறஊதாக் கதிர் தடைபட்டதே காரணம் என 1887இல் கண்டார். ஒளிமின் விளைவின் முதற்குறிப்பு அது. பின் விரிவுரை மண்டபச் சுவரில் துத்தநாகத் தகடு பொருத்தி, அலைகளைத் திருப்பி அனுப்பி அலைநீளத்தை அளந்தார். 1888இல் மாக்ஸ்வெல்லின் கருத்து மெய்ப்பட்டது.

வீட்டு வானொலியில் ஒலி தெளிய மரச்சட்டத்தில் கம்பி சுற்றுவோர் கையாள்வதும் இப்பண்புகளையே. மத்திய அலையின் நீளமோ நூற்றுக்கணக்கான மீட்டர். அதற்கேற்ற பெருவளையம் வீட்டில் அடங்காது. ஆகவே சில சுற்றுகளோடு மாறும் மின்தேக்கி ஒன்றை இணைத்து, வேண்டிய நிலையத்தின் கிலோஹெர்ட்ஸுக்கு ஒத்திசைக்கின்றனர் (அலகின் பெயரும் அவருடையதே). அச்சட்டத்தை வானொலிப் பெட்டியருகே நிறுத்தி, அதன் விளிம்பு நிலையத்தை நோக்குமாறு திருப்பினால் ஒலி மிகும். முகப்பை இரைச்சல் வரும் திசைக்குத் திருப்பினால் இரைச்சல் அடங்கும்.

இவற்றையெல்லாம் காண ஹெர்ட்ஸ் இல்லை. 1889இல் பான் பல்கலைக்கழகம் சென்ற அவரை 1892இல் கடும் நோய் பற்றியது. அறுவை மருத்துவங்களும் பயன் தரவில்லை. நோயினூடே இயந்திரவியல் நூலொன்றை எழுதி முடித்தார். 1894 சனவரி முதல் நாள், 36ஆம் வயதில், மனைவியையும் இரு சிறு பெண்மக்களையும் விட்டு மறைந்தார். அந்நூல் அவ்வாண்டிலேயே அச்சேறியது.